அன்பார்ந்தவரும் கரையைக் கடந்த புயலும்

அவர் வீட்டில் ஒரு நாள் முழுக்கப் பேசுகிற பேச்சை ஒரு தீப்பெட்டிக்குள் அடைத்துவிடலாம் என்பாள் அவர் மனைவி. படகுத்துறையில் கதையே வேறு. துறைக் கட்டடத்தின் உச்சியில் நான்கு ஒலிபெருக்கிக் குழாய்கள் திசைக்கு ஒன்றாக வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். எங்கள் தீவில் அந்தக் குரல் எட்டாத இடம் கிடையாது. எந்த அறிவிப்பையும் "அன்பார்ந்த பயணிகளே" என்றுதான் தொடங்குவார். அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. அன்பார்ந்தவர் வீடு எது என்று கேட்டால் கையைப் பிடித்து அழைத்துப்போய் விடுவார்கள். சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால், அப்படி இங்கே யாரும் இல்லையே என்பார்கள்.

"மைக்ல ஊருக்கெல்லாம் அன்பு. வீட்டு வாசப்படி ஏறினா ஒரு உம், ஒரு உகூம். நான் டிக்கெட் வாங்கிட்டு அங்கயே வந்து உக்காரலாம்னு பாக்குறேன்" என்று மனைவி ஒருமுறை என் ஜன்னலில் வந்தே சொன்னாள். டிக்கெட் கொடுக்கிற ஜன்னலும் மைக் இருக்கும் மேசையும் ஒரே அறையில்தான். அவர் காதில் விழுந்திருக்கும். தலையை ஆட்டினார்.

பொத்தானை அழுத்துவதற்கு முன் அவர் தலை சீவிக்கொள்வார். சட்டையின் மேல் பொத்தானைப் போடுவார். யாரும் பார்க்கப்போவதில்லை என்பது அவருக்கும் தெரியும். பிறகு கையில் உள்ள தாளில் இருப்பதை இருப்பது போலவே படிப்பார். கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். ஒருநாள் தட்டச்சுப் பிழையாக "பயணிகள் பயணிகள் வரிசையில் வரவும்" என்று இருந்தது. இரண்டு தடவையும் நிறுத்தி நிதானமாகப் படித்தார். ஏண்ணே என்று கேட்டதற்கு, "எழுதினவருக்கு ஏதாவது காரணம் இருக்கும், தம்பி" என்றார்.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்த மாமியார் கரைக்காரி. கரை என்றால் எங்களுக்கு ஒன்றுதான். கடலுக்கு அந்தப் பக்கம் கிடக்கும் பெரிய நிலம். பெரிய ஆஸ்பத்திரி, கல்லூரி, கோர்ட்டு, நீடித்து உழைக்கும் செருப்பு எல்லாம் கரையில். "கரைக்குப் போறேன், ஏதாவது வேணுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் படகு ஏறுவோம். எங்கள் காலடியில் அலை வந்து மோதுகிற இடத்துக்குப் பெயர் ஓரம். அதை ஒருநாளும் கரை என்று சொன்னதில்லை.

கல்யாணப் பேச்சு நடந்தபோதே மாமியாருக்கு இவரைப் பிடிக்கவில்லை. "என்ன கேட்டாலும் தலையை ஆட்டுறாரே, இவர் சம்மதம் சொல்றாரா, ஈ ஓட்டுறாரா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டாராம். அப்புறம் மகளைப் பார்க்கக் காலைப் படகில் வருவார், மாலைப் படகில் போய்விடுவார். ஒரு ராத்திரிகூடத் தங்கியதில்லை. கேட்டால், "தங்குங்கன்னு அந்த வீட்டு ஆம்பளை இதுவரைக்கும் வாயைத் திறக்கல. நானா பாயை விரிச்சுப் படுக்கவா?" என்பார். நியாயமான கேள்விதான். அவர் தலையை ஆட்டியதை அழைப்பாக எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை.

புயலன்று முற்பகலில் வானிலை அறிவிப்பு வந்தது. அவர் சீவினார், பொத்தானைப் போட்டார், படித்தார்.

"அன்பார்ந்த பயணிகளே, பொதுமக்களே. தீவிரப் புயல் இன்று மாலை நமது கடற்பகுதியில் கரையைக் கடக்கும். தாழ்வான இடங்களில் வசிப்போர் உடனே பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லவும்."

துறை வாசலில் டீக்கடைக்காரர் கிளாஸை அலம்பிக்கொண்டே, "பாவம், கரைக்காரங்க" என்றார்.

எங்களைக் குறை சொல்ல முடியாது. எங்கள் நினைவில் வந்த புயல் ஒவ்வொன்றும் எங்களைத் தொட்டும் தொடாமலும் போய்க் கரையில்தான் விழுந்திருக்கிறது. டிவியிலும் அதே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள். யார் சொன்னால் என்ன, கரை கரைதானே.

"கரைக்குப் போகணும்னா நம்மளைத் தாண்டித்தானே போகணும்?" என்று ஒருவர் சந்தேகம் கிளப்பினார்.

"போற வழிதானே" என்றார் படகு எஞ்சின் மெக்கானிக். "நின்னு நலம் விசாரிச்சுட்டா போகப்போகுது?"

பிறகு நடந்ததுதான் எங்கள் நல்ல மனசுக்கு அடையாளம். தீவே போனை எடுத்தது. கரையில் யாருக்கு யார் இருந்தாலும், கிளம்பி இங்கே வாருங்கள் என்று கூப்பிட்டார்கள். மெக்கானிக் தன் சம்பந்தியைக் குடும்பத்தோடு வரச் சொன்னார். அன்பார்ந்தவரின் மனைவி தன் அம்மாவைக் கூப்பிட்டாள்.

"யாருடி சொன்னா?"

"அவர்தாம்மா. மைக்ல சொன்னார்."

"மாப்பிள்ளையா? அவர் வாயாலயா?"

கடைசிப் படகு எங்களை ஏற்றிக்கொண்டு போக வந்ததாம். அது வந்து சேர்ந்தபோது கால் வைக்க இடமில்லாமல் கரைக்காரர்கள். பெட்டி, படுக்கை, ஒரு தையல் மெஷின், கூண்டோடு கிளி. எல்லாரையும் இறக்கிவிட்டு, "யாராச்சும் வர்றீங்களா?" என்று படகோட்டி கேட்டார். "எங்க, புயலுக்கா?" என்று ஒரு குரல் வர, எல்லாரும் சிரித்தார்கள். படகு காலியாகத் திரும்பிப் போனது.

மாமியார் ஒரு கையில் சூட்கேஸும் மறு கையில் குக்கருமாக வந்து நேராக அறை வாசலில் நின்றார். மருமகனை அன்றைக்குத்தான் முகத்துக்கு நேரே பார்த்தார் என்று நினைக்கிறேன்.

"எங்க பக்கம் வாய் கிழியப் பேசுறவனுங்க ஆயிரம் பேர் இருக்கானுங்க மாப்பிள்ளை. ஒருத்தன் கூப்பிட்டுச் சொல்லல. நீங்க சொல்லித்தான் தெரிஞ்சுது. உங்களைப் போய் நான் என்னமோ நினைச்சுட்டேன்."

"உம்" என்றார் அன்பார்ந்தவர். வழக்கமான உம்மைவிட அது நீளமாக இருந்தது. மாமியார் கீழ்த்தெருவுக்கு நடந்து போகும்வரை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றார். கீழ்த்தெரு என்பது பெயருக்கேற்ற தெரு. அவர் வீட்டுப் பின்சுவருக்கும் கடலுக்கும் நடுவே ஒரு துணிக்கொடி கட்டத்தான் இடம் உண்டு.

காற்று கொஞ்சம் தலையெடுத்த நேரம் போன் அடித்தது. கரையிலிருந்து துறை அதிகாரி. போனை மேசையில் வைத்துப் பேசியதால் எனக்கும் கேட்டது.

"என்னய்யா, ஆளுங்கல்லாம் பத்திரமாக் கிளம்பியாச்சா?"

"வந்தாச்சு சார்."

"எங்க வந்தாச்சு? இங்க படகு காலியா வந்திருக்கு."

"கரையிலேருந்து எல்லாரும் இங்க வந்தாச்சு சார். புயல் கரைக்குத்தானே."

அதிகாரி மூச்சு விடும் சத்தம் கேட்டது. "எந்தக் கரைக்கு?"

"கரைக்குத்தான் சார். நீங்க இருக்கிறது."

"யோவ்! தண்ணிக்குப் பக்கத்துல இருக்கிற மண்ணெல்லாம் கரைதான்யா. உன் தீவு முழுக்கக் கரைதான். முதல்ல உன் மேலதான் ஏறப்போகுது. இனிமே படகு விட முடியாது. எல்லாரையும் பள்ளிக்கூடக் கட்டடத்துக்கு ஏத்து. சீக்கிரம்!"

அவர் போனை வைத்துவிட்டுத் தாளை எடுத்தார். கரை என்ற சொல்லின் மேல் விரலை வைத்துப் பார்த்தார், சுடுகிறதா என்று பார்ப்பது போல.

"நான் தப்பாப் படிக்கலையே தம்பி?"

"இல்லைண்ணே."

"ஒரு எழுத்துகூட?"

"இல்லைண்ணே."

"அப்ப எதைன்னு திருத்துறது?"

தாள் இல்லாமல் அவர் பொத்தானைத் தொட்டதில்லை. எழுதிக் கொடு என்றார். எழுதினேன். எனக்குத் தெரிந்த நல்ல தமிழில் எழுதினேன். அவர் சீவிக்கொண்டு படித்தார். "முன்னர் அறிவிக்கப்பட்ட கரை என்பது இக்கரையையும் உள்ளடக்கும். அனைவரும் பள்ளிக் கட்டடத்தில் தங்க வைக்கப்படுவர்."

ஒருவரும் அசையவில்லை. டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, "கரையிலேருந்து வந்தவங்களைப் பள்ளிக்கூடத்துல தங்க வைக்கிறீங்களா? எதுக்கு, நாங்க பாத்துக்க மாட்டோமா?" என்று கோபித்துக்கொண்டார். என் தமிழ் அவ்வளவுக்குத்தான் பயன்பட்டது.

அன்பார்ந்தவர் வீட்டுக்குப் போன் போட்டார். எடுத்தது மாமியார்.

"அத்தை... வீட்டை விட்டுக் கிளம்புங்க."

"என்னது?"

"உடனே கிளம்புங்க அத்தை."

"நான் வந்து இன்னும் குக்கரைக்கூட இறக்கி வைக்கல. அதுக்குள்ள வெளிய போகச் சொல்றீங்களா?"

"இல்ல... புயல்..."

"புயல் கரைக்குன்னு மைக்ல ஊருக்கே சொன்னீங்க. எனக்கு மட்டும் போன்ல வேற சொல்றீங்க. புரியுது மாப்பிள்ளை. நல்லாவே புரியுது." போன் துண்டிக்கப்பட்டது. திரும்ப அடித்தார். எடுக்கவில்லை. அதற்கப்புறம் அடிக்கவே இல்லை, லைன் போய்விட்டது.

ஓடிப்போய்ச் சொல்லலாம். ஆனால் ஒரு வீட்டுக்குச் சொல்லிவிட்டு மற்ற வீடுகளை என்ன செய்வது? கீழ்த்தெரு முழுவதும் கரை விருந்தாளிகள். மெக்கானிக் சம்பந்திக்குக் கட்டில் போட்டுக்கொண்டிருந்தார். என்னிடம் இன்னொரு தாள் இருந்தது, எழுதட்டுமா என்றேன். அவர் தாளை வாங்கவில்லை. சீப்பை எடுக்கவில்லை. மேல் பொத்தான் திறந்திருந்தது. அப்படியே அழுத்தினார்.

"ஏம்மா... நான்தான். உங்கம்மாவைக் கூட்டிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வந்துரு. அத்தை, நான் உங்களைப் போகச் சொல்லல. தங்குங்கன்னுதான் சொல்றேன். எத்தனை நாள் வேணும்னாலும் தங்குங்க. அந்த வீட்டுல மட்டும் இப்ப வேணாம். கரைன்னா நம்மளையும் சேத்துத்தானாம். எனக்கே இப்பத்தான் தெரியும். மெக்கானிக்கு, உங்க சம்பந்தியையும் எழுப்பிக் கூட்டிட்டு வாங்க. எல்லாரும் வந்துருங்க. எனக்குப் பயமா இருக்கு."

சொல்லிவிட்டுப் பொத்தானை விட மறந்துபோனார்.

கீழ்த்தெருவில் நடந்தது நான் பிறகு கேள்விப்பட்டது. மெக்கானிக் வாசலுக்கு வந்து, "எவனோ மைக்கைப் புடிச்சிட்டான். நம்ம அன்பார்ந்தவர் குரல் இது இல்ல" என்றாராம். அறிவிப்பில் அன்பும் இல்லை, பயணிகளும் இல்லை. எவனோ குடித்துவிட்டு உளறுகிறான் என்று இரண்டு வீட்டில் கதவைச் சாத்தியும் விட்டார்கள். அப்போது நான்கு குழாய்களிலிருந்தும் ஒரு பெருமூச்சு வந்து தெரு மேல் இறங்கியது.

"அவருதான்" என்றாள் மனைவி. "கல்யாணம் ஆனதுலேருந்து இந்தப் பெருமூச்சைத்தானே கேட்டுட்டு இருக்கேன். எனக்குத் தெரியாதா?"

மாமியார் இன்னும் பிரிக்காத சூட்கேஸைத் தூக்கினார். "அந்த மனுஷன் பயமா இருக்குன்னு இத்தனை பேர் காதுல விழச் சொல்றார்னா, நிக்காதீங்க. நடங்க" என்று தெருவையே விரட்டினார். குக்கரையும் விடவில்லை.

புயல் எங்கள் மேல் ஏறித்தான் போனது. பள்ளிக்கூடத்தில் தீவுக்காரர்களும் விருந்தாளிகளும் பெஞ்சுகளில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். கிளி மட்டும் வாயை மூடவில்லை. விடிந்து பார்த்தால் கீழ்த்தெருவில் கடல் வந்து புழங்கிவிட்டுப் போயிருந்தது. ஆள் சேதம் இல்லை. எங்களைத் தாண்டிப்போன புயல் கரையிலும் விழுந்திருந்தது. மாமியார் வீட்டுக் கூரை பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் இருப்பதாகப் படகோட்டி வந்து சொன்னார்.

உயிர் தப்பிய ஜனங்கள் நன்றி சொல்வார்கள் என்று நான் எதிர்பார்த்தேன். மெக்கானிக் அன்பார்ந்தவரைப் பார்த்ததும், "பேசத் தெரிஞ்ச மனுஷன் முதல்லயே இப்படிப் பேசியிருந்தா ஃபிரிட்ஜைத் தூக்கியிருப்பேன்ல?" என்று சண்டைக்கு வந்தார். டீக்கடைக்காரரின் பாய்லர் போயிருந்தது. அவரும் சேர்ந்துகொண்டார்.

மாமியார்தான் நடுவில் புகுந்தார். "என்னய்யா குறை கண்டீங்க? கரைக்குன்னு சொன்னார், அங்க அடிச்சுது. இங்கயும்தான்னு சொன்னார், இங்கயும் அடிச்சுது. எவன் சொல்லி ரெண்டும் நடந்திருக்கு?"

மெக்கானிக் ஃபிரிட்ஜைத் தேடக் கிளம்பினார்.

அன்பார்ந்தவர் வீட்டில் பின்சுவர் இல்லை. சமையலறையில் நின்றால் அடிவானம் தெரிந்தது. மாமியார் சேற்றை ஒதுக்கிவிட்டு, உள்ள இரண்டு அறைகளில் பெரியதில் சூட்கேஸை வைத்தார்.

"அங்க நாங்க படுக்கிறது அத்தை" என்றார் அவர்.

"எத்தனை நாள் வேணும்னாலும் தங்கச் சொன்னீங்க. ஊரே கேட்டுச்சு."

"தங்குங்க. சின்ன ரூம்ல தங்குங்கன்னு சொல்றேன்."

"அதை மைக்ல சொல்லலியே மாப்பிள்ளை."

"எல்லாத்தையும் மைக்லயா சொல்ல முடியும்? அந்தப் பெரிய ரூம்லதான் என் மேசை இருக்கு, என் துணி இருக்கு. காத்து வேற ஒழுங்கா வரும். உங்களுக்குக் காத்து ஆகாதுன்னு உங்க பொண்ணு சொல்லியிருக்கா. அப்புறம் ராத்திரி இருமுவீங்க..."

"நான் இருமுறதைப் பத்தி உங்களுக்கென்ன?"

மனைவி சேறு அள்ளும் தட்டோடு வாசலுக்கு வந்து நின்றுவிட்டாள். உள்ளே சண்டை சூடு பிடித்தது. தெருமுனை வரை தெளிவாகக் கேட்டது. ஒலிபெருக்கிக் குழாய்களைக் காற்று கொண்டுபோயிருந்ததால், எங்களுக்கு அன்று முழுவதும் வேறு அறிவிப்பு எதுவும் இல்லை.