நானூற்றுப் பதினேழாம் கொக்கி

காத்தவராயனைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததில்லை. அவனிடமே சொன்னாலும் கோபம் வராது. "ஆமாங்க்கா, பயந்தான்" என்று ஒத்துக்கொண்டு டீக்கு டம்ளரை நீட்டுவான். கிணற்றை எட்டிப் பார்க்க மாட்டான். கதவைச் சாத்திக்கொண்டு குளிக்க மாட்டான். பூமி லேசாக ஆடினால் போதும், கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு வெட்டவெளிக்கு ஓடிவிடுவான்.

தங்கவயலில் பூமி ஆடாத மாதம் ஏது? எட்டாயிரம் அடிக்கும் கீழே, தங்கச் சுரங்கத்தில் தோண்டின இடத்தில் பாறை வெடிக்கும். ஏர் பிளாஸ்ட் என்போம். அலமாரியில் பாத்திரம் கடகடவென்று உருளும். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் நிற்போம், ஆபத்துச் சங்கு ஊதவில்லை என்றால் குழம்பைக் கிளறப் போய்விடுவோம். அவனால் அது முடியாது. ஐம்பத்தைந்தில் அப்படி ஒரு வெடிப்பில்தான் அவன் அப்பா சிவலிங்கம் உள்ளேயே போனார். உடம்புகூடக் கிடைக்கவில்லை. பிள்ளைக்கு அப்போது பன்னிரண்டு வயது.

நான் பாக்கியவதி. சாம்பியன் ரீப்ஸில் புதிதாகக் கட்டின மூன்று மாடி குவார்ட்டர்ஸில் கீழ் வீடு எங்களுடையது. என் கதவைத் திறந்தால் பிளாக்கின் வாசல் ஹால். மேல் மாடிக்காரர்கள் அத்தனை பேரும் அந்த ஹால் வழியாகத்தான் படியேற வேண்டும். அறுபத்து நாலில் நாங்கள் குடிவந்தபோது சுவரெல்லாம் வெறும் சுண்ணாம்பு. வெல்ஃபேர் ஆபீசர் ஒருவர் பெங்களூரிலிருந்து வந்திருந்தார், படத்தின் மேல் பைத்தியம் பிடித்த மனுஷர். நாலு பிளாக்குக்கும் வாசல் ஹாலில் ஒரு பெரிய படம் இருக்க வேண்டும், அதை இந்த ஊர்ப் பையன்கள்தான் வரைய வேண்டும், பேர் வாங்கின ஆள் யாரும் வேண்டாம் என்றுவிட்டார். நாலு பேரைப் பொறுக்கினார். ஒருத்தன் தன் பிளாக்கில் போதி மரத்தடியில் புத்தரை வரைந்தான். ஒருத்தன் ஹாக்கி டீமை வரைந்தான், அதில் கோல்கீப்பருக்கு ஆறு விரல் என்று இன்றைக்கும் சிரிக்கிறார்கள். எங்கள் பிளாக்குக்கு வந்தவன் காத்தவராயன். அதுவரை அவன் ஆண்டர்சன்பேட்டைக் கடைகளுக்கு போர்டு எழுதிக்கொண்டிருந்தான்.

நாலில் எது நன்றாக இருக்கிறதோ, அதை வரைந்தவனுக்குத் தரைக்கு மேலே ஒர்க்ஷாப்பில் பெயிண்டர் வேலை. அதுதான் பேச்சு. மற்ற மூன்று பேருக்கு அது கிடைத்தால் லாபம், கிடைக்காவிட்டால் நஷ்டமில்லை. காத்தவராயனுக்கு அப்படியில்லை. அப்பாவின் வாரிசு வேலை அவனுக்காகக் காத்திருந்தது. இருபத்தொன்று முடிந்துவிட்டது, ஒன்றாம் தேதி அண்டர்கிரவுண்டுக்கு வந்து சேர் என்று காகிதம் வந்துவிட்டது. வீட்டில் அம்மா தாயம்மாவும் கல்யாணத்துக்கு நிற்கிற இரண்டு தங்கைகளும். போர்டு எழுதி மூன்று பேருக்குச் சோறு போட முடியாது. பெயிண்டர் வேலை கிடைத்தால் மேலே. இல்லாவிட்டால் ஆட்களை இறக்குகிற இரும்புக் கூண்டில், கேஜ் என்போம், ஏறிக் கீழே.

"கேஜு கதவ சாத்துவாங்களேக்கா, அந்த சத்தத்த நெனச்சாலே வயித்த கலக்குது" என்பான். சொல்லும்போதே உதடு வெளுத்துவிடும். "கைய கட்டிக்கினு அழுவுறத விட்டுட்டு வரைடா" என்று நான் கத்துவேன். எனக்கு மட்டும் பயமில்லையா என்ன? என் புருஷன் தாமோதரன் தினமும் இறங்குகிறவர்தானே.

அவன் வரைந்தது ஷிப்ட் முடியும் நேரம். கேஜிலிருந்து ஆட்கள் வெளியே வருகிறார்கள், முகத்தில் புழுதி, கண் மட்டும் தெரிகிறது. பின்னால் டோக்கன் பலகை. எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பலகையை விளக்க வேண்டாம், வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு நம்பர், ஒரு பித்தளை டோக்கன், பலகையில் ஒரு கொக்கி. இறங்கும்போது டோக்கனை எடுத்துக்கொண்டு போக வேண்டும். ஏறி வந்ததும் கொக்கியில் மாட்டிவிட்டுத்தான் வீடு. கொக்கி காலியாக இருந்தால் ஆள் உள்ளே இருக்கிறான். ஷிப்ட் முடிந்த பிறகும் காலியாக இருந்தால் என்னவென்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

படத்தில் எல்லாக் கொக்கியிலும் டோக்கன் மாட்டினான், ஒன்றில் மட்டும் மாட்டவில்லை. நானூற்றுப் பதினேழு. "எங்கப்பா நம்பர்க்கா. அவரு இன்னும் மாட்டலியே" என்றான். தாயம்மாவை ஒரு நாள் கூட்டிவந்து காட்டினான். அவள் அந்தக் காலிக் கொக்கியைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனாள். ஆபீசரும் வந்து பார்த்தார். அவர் விரலும் நேராக அங்கேதான் போயிற்று. "படமே இதுதான்யா. இத மட்டும் தொடாதே. புதன்கிழமை பெரியவங்கள கூட்டிக்கினு வரேன்" என்று முதுகில் தட்டினார். அன்றைக்குத்தான் காத்தவராயன் முதன்முதலாக என் வீட்டில் இரண்டாவது டம்ளர் டீ கேட்டான்.

செவ்வாய்க்கிழமை பகலில், இரண்டாவது மாடி ரத்தினம்மா ரேஷன் பையோடு வந்தாள். படம் வரைய ஆரம்பித்ததிலிருந்து பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தவள், கைக்குழந்தையோடு முந்தின நாள்தான் திரும்பியிருந்தாள். படத்தைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு பலகையைப் பார்த்தாள். பை கையிலிருந்து விழுந்து அரிசி தரையெல்லாம் சிதறியது.

"இன்னாடா இது? நானூத்திப் பதினேழு எதுக்குடா காலியா கீது?"

"எங்கப்பா நம்பருங்க்கா."

"உங்கப்பா நம்பரா? ரெண்டு வருஷமா அது எங்க வூட்டுக்காரர் நம்பருடா! நாளைக்கு ஃபர்ஸ்ட் ஷிப்டு எறங்கறாருடா, பாவி!"

செத்தவர் நம்பரைக் கொஞ்ச வருஷம் சும்மா வைத்திருந்து, பிறகு வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். எங்கள் ஊரில் அதைத் தெரியாதவர் இல்லை. அவனுக்கும் தெரியும். ஆனால் அப்பாவின் நம்பர் மட்டும் அப்பாவோடு போய்விட்டது என்று எப்படியோ நினைத்துக்கொண்டிருந்தான். ஏன், எனக்கு மட்டும் தோன்றியதா? ரத்தினம்மாவின் புருஷன் சின்னப்பா தினமும் என் கதவைத் தாண்டித்தான் போகிறார். அவர் நம்பர் என்ன என்று ஒரு நாள் கேட்டிருப்பேனா?

"இப்பவே மாட்டுடா டோக்கன" என்றாள் ரத்தினம்மா.

காத்தவராயன் பிரஷ்ஷை எடுத்தான். கை சுவர் வரைக்கும் போயிற்று. அங்கேயே நின்றது. "அக்கா, நாளைக்கி ஆபீசருங்க பாத்துட்டு போயிடட்டுங்க்கா. அடுத்த நிமிஷம் மாட்டிடறேன். இத தொட்டா என் வேல போயிடும்க்கா. நான் கீழ போவணும்க்கா" என்று அழாத குறையாகக் கெஞ்சினான்.

"நீ போவக்கூடாதுன்னா என் புருஷன் போயி சாவணுமா?"

சத்தம் கேட்டுச் சின்னப்பா இறங்கி வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டுப் பெரிதாகச் சிரித்தார். "சொவத்துல கீற கொக்கிடி அது. பையன் பொழைக்கட்டும் வுடு" என்று அரிசியைப் பொறுக்க உட்கார்ந்துவிட்டார். ரத்தினம்மா அவனைப் பார்த்துக் காறித் துப்பிவிட்டு மேலே போனாள்.

மறுநாள் காலை காத்தவராயன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஹாலில் வந்து நின்றான். ஆபீசர்கள் பதினொன்றரைக்கு வருவதாக இருந்தது. பதினொன்று இருக்கும், தரை ஒரு தூக்குத் தூக்கிப் போட்டது. என் அலமாரி கவிழ்ந்தது. மேல்மாடியில் குழந்தைகள் வீறிட்டன. சாதாரண ஆட்டமில்லை என்று காலிலேயே தெரிந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் சங்கு ஊத ஆரம்பித்தது, நிற்கவே இல்லை.

ரத்தினம்மா தலைவிரி கோலமாக இறங்கி ஓடினாள். அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அன்று என் புருஷன் வீட்டில் இருந்தார், அதனால் எனக்குக் கத்துவதற்குத் தெம்பு இருந்தது. முதல் முறையாக வெட்டவெளிக்கு ஓடாமல் காத்தவராயன் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றான். பல் கிட்டித்துப்போயிருந்தது.

"இன்னாடா பாத்துக்கினு நிக்கிறே? உன் வேல பெருசா, ஒரு உசிரு பெருசா?"

அப்படிக் கேட்டேன். என் வாய் அப்படி. அவன் குனிந்து டப்பாவைத் திறந்தான். பெயிண்ட் வெள்ளைச் சட்டையெல்லாம் வழிந்தது. இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டு அந்தக் கொக்கியில் ஒரு டோக்கனை வரைந்தான். கோணலாக வந்தது. பிறகு இரண்டு பேரும் ஷாஃப்ட்டுக்கு, சுரங்க வாய்க்கு ஓடினோம்.

அங்கே அத்தனை பொம்பளைகளும் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நிஜப் பலகையில் நானூற்றுப் பதினேழு காலியாக இருந்தது. ஒரு கேஜ் வந்தது, சின்னப்பா இல்லை. இரண்டு, மூன்று. காத்தவராயன் கீழே உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டு, "மாட்டிட்டேன், மாட்டிட்டேன்" என்று முனகிக்கொண்டே இருந்தான். நாலு மணிக்கு வந்த கேஜில் சின்னப்பாவை ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்தார்கள். தொடை எலும்பு நொறுங்கிவிட்டது, உயிர் இருந்தது. அன்று மூன்று பேர் வரவே இல்லை.

படம்தான் சின்னப்பாவைக் காப்பாற்றியது என்று நான் சொல்ல மாட்டேன். அந்த மூன்று வீட்டுக்காரிகளின் முகத்தைப் பார்த்த பிறகு அப்படிப் பேச நாக்கு வராது.

பத்து நாள் கழித்து ஆபீசர் வந்தார். கோணல் டோக்கனைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கிவிட்டது. "தொடாதேன்னு சொன்னேனே. இப்ப இதுல இன்னாயா கீது?" என்றார். நான்தான் நடந்ததையெல்லாம் கொட்டினேன். அவர் கேட்டுக்கொண்டார், வருத்தப்பட்டார், புத்தர் வரைந்தவனுக்கு வேலையைக் கொடுத்தார்.

ஒன்றாம் தேதி காத்தவராயன் கேஜில் ஏறினான். காலையிலேயே இரண்டு முறை வாந்தி எடுத்தானாம். சின்னப்பாவுக்கு இனிமேல் மேலே உட்காருகிற வேலைதான் என்று ஆனதால் அவர் நம்பர் சும்மா கிடந்தது. டைம் ஆபீசில் அதைத்தான் இவன் கையில் கொடுத்தார்கள். யாரும் வேண்டுமென்று செய்ததில்லை, வரிசையில் வந்தது.

பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அவன் பயம் ஒரு இம்மியும் குறையவில்லை, ஒரு ஷிப்டும் விட்டதில்லை. ஷிப்ட் முடிகிற நேரத்துக்குத் தாயம்மா எங்கள் ஹாலுக்கு வந்துவிடுவாள். அந்தக் கோணல் டோக்கன் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பாள். ரத்தினம்மாவும் படியிறங்கி வந்து பக்கத்தில் நிற்பாள். நான் கதவைத் திறந்து வைத்துக்கொள்வேன். உன் வேலை பெரிதா, ஒரு உயிர் பெரிதா என்று அன்றைக்கு நான் கேட்டது தினமும் அந்த நேரத்தில் என் காதில் விழும். கை பட்டுப் பட்டு அங்கே பெயிண்ட் தேய்ந்துவிடும், ஞாயிற்றுக்கிழமைகளில் அவனே வந்து பூசிவிட்டுப் போவான்.

வீட்டுக்குப் போகுமுன் அவன் இங்கேதான் வருவான். புழுதி முகத்தோடு வாசலில் நின்று, "மாட்டிட்டேம்மா" என்பான். அதைக் கேட்ட பிறகுதான் தாயம்மா சுவரிலிருந்து கையை எடுப்பாள்.