சித்தி மகள்

சித்திரபுரத்துக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில், நாலாவது வீடு சித்ராவுடையது. இருபத்தெட்டு வயது, கொழுந்து பறிக்கிறவள். அம்மா ஓய்வு பெற்றபோது வேலையும் வீடும் சேர்ந்தே மகளுக்குக் கைமாறின. அம்மா சங்கரன்கோவில் பக்கம் மகன் வீட்டுக்குப் போய்விட்டார்.

நிமி மறையூர்க்காரி. தாய் தகப்பன் இல்லை. வெல்லம் காய்ச்சும் இடத்தில் வேலை செய்துவிட்டு, மூன்று வருடத்துக்கு முன் தற்காலிகக் கூலியாக இந்தத் தோட்டத்துக்கு வந்தாள். நிமி பறித்தது எடை குறைந்த நாட்களில் சித்ரா தன் கொழுந்தில் இரண்டு கை அள்ளி, தெரியாமல் நிமியின் சாக்கில் போடுவாள். நிமி ஒருநாள் கண்டுபிடித்தாள்.

“எனக்கென்ன பிச்சையா போடுத?”

அந்தச் சண்டையில்தான் எல்லாம் தொடங்கியது.

தற்காலிகக் கூலிக்கு வீடு கிடையாது. நிரந்தரத் தொழிலாளியின் சொந்தக்காரர் என்றால் கூடத் தங்கலாம். அதனால் சித்ரா ஆபீசில் போய், “என் சித்தி மக சார்” என்றாள். எழுதிக்கொண்டார்கள். அன்றிலிருந்து லயத்துக்கு அவர்கள் அக்கா, தங்கை.

“மாமன் பொண்ணுன்னு சொல்லியிருந்தா கட்டிக்கிற முறையாச்சும் இருந்திருக்கும்ல” என்று நிமி சிரித்தாள்.

இரு பெண்கள் காதலிப்பது குற்றமில்லை என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. குற்றமில்லாத அந்த இருவரும் எந்த உறவைச் சொல்லி ஒரு வீட்டில் குடியிருப்பது என்று யாரும் சொல்லவில்லை. பொய் சொன்னவள் சித்ரா. சொல்ல வைத்தவர்களை யாரும் கேள்வி கேட்பதில்லை.

அக்கா என்று ஆனபின் அக்காவின் கடமையும் வரும் என்பதைச் சித்ரா யோசிக்கவில்லை. பக்கத்து வீட்டு மூக்கம்மாள் யோசித்தாள்.

“ஏட்டி சித்ரா, ஒனக்குத்தான் கல்யாணமே வேண்டாம்னுட்ட. தங்கச்சிய எத்தன நாளைக்குப் பூட்டி வைப்ப? நம்ம கீழ் லயத்து ஜெகன் இருக்கான். மூணாறுல ஜீப்பு ஓட்டுதான். பேர்ப் பொருத்தம் பாத்தாச்சு, பத்துக்கு ஒம்பது!”

மூன்று வருடம் ஒருத்தியோடு ஒரே தட்டில் சாப்பிட்டவளுக்கு எத்தனை பொருத்தம் என்று எந்தச் சோதிடரும் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பெண் கேட்டு வருவதாக முடிவானது. அன்று காலையில் தேநீர் ஆற்றிக்கொண்டே நிமி கேட்டாள்: “என்ன சொல்லப்போற?”

“வேண்டாம்னு.”

“ஜெகன் குடிக்க மாட்டான், நல்ல பையன். என்ன காரணம் சொல்லுவ? இவன் போனா இன்னொருத்தன் வருவான். ஆளுக்கு ஒரு பொய் எடுத்து வச்சிருக்கியா?”

சித்ரா தம்ளரை வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

வெற்றிலைத் தட்டோடு மூக்கம்மாள் உட்பட ஐந்து பெண்கள் வந்தார்கள். ஜெகனின் தாய் சித்ராவின் கையைப் பிடித்தாள். “தாய் ஸ்தானத்துல இருக்கவ நீ. ஒரு வார்த்த சொல்லு தாயி.”

“அவ எனக்குத் தங்கச்சி இல்ல” என்றாள் சித்ரா. “எனக்கு அவதான். அவளுக்கு நான்தான்.”

வாழ்நாளில் அதைவிடப் பெரிய வாக்கியத்தை அவள் சொன்னதில்லை. அறையில் ஒருவருக்கும் அது எட்டவில்லை.

“அனாதப் புள்ளைக்கு ஆதரவு குடுத்திருக்கா” என்றாள் ஜெகனின் தாய். கூட வந்த ஒருத்தி, “அப்ப அக்கா சம்மதம் வேண்டாம்ல, புள்ளையவே கேட்டுருவோம்” என்று சிரித்தாள்.

“எனக்கு வேண்டாம்” என்றாள் நிமி.

மூக்கம்மாளுக்கு மட்டும் முகம் மாறியது, அதுவும் வேறு காரணத்துக்கு. “அப்ப ஆபீசுல பொய்யாட்டி சொன்ன? என் மகன் வீடு கேட்டு ரெண்டு வருசமா நடக்கான்!”

செவ்வாய்க்கிழமை ஆபீசுக்கு அழைப்பு வந்தது. அதிகாரி கெட்டவர் இல்லை; சித்ராவின் வேலையில் கை வைக்கவில்லை. “ரத்தபந்தம் இல்லாத ஆள் குவார்ட்டர்ஸ்ல தங்கக்கூடாது. மூணு நாள்ல மாறணும். அதுதான் நியமம்.”

“புருசன் பொண்டாட்டிக்கு ரத்தபந்தம் இருக்கா சார்?”

நல்ல தமாஷ் என்று அவர் சிரித்தார்.

இப்போது நிமி தோட்ட வேலையை விட்டு அடிமாலியில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். விடுதியில் ஓர் அறைக்கு ஆறு பேர். வெளியாள் உள்ளே வரக்கூடாது. ஞாயிறுதோறும் சித்ரா போகிறாள். உட்கார்ந்து பேச இடமில்லை. தேநீர்க் கடையில் அரை மணி இருந்தால் கடைக்காரர் மேசையைத் துடைக்க வந்துவிடுகிறார். அதனால் மூணாறு பேருந்தில் ஏறி, இறங்காமல் அதே வண்டியில் திரும்புகிறார்கள். வழியெல்லாம் தேனிலவுக்கு வந்த ஜோடிகள், சித்ரா கொழுந்து பறிக்கும் சரிவுகளில் தோளில் கை போட்டுப் படம் எடுக்கிறார்கள். இருவரும் சன்னல் வழியே பார்ப்பார்கள். அதைப் பற்றிப் பேசமாட்டார்கள். ஐந்து மணிக்குள் நிமி விடுதிக்குள் இருக்க வேண்டும்.

பிறகு சித்ரா தனியாக வண்டி ஏறுவாள். போன வாரம் பலாப்பழச் சாக்கோடு ஒரு பெண் வந்து, பக்கத்து இருக்கையைக் காட்டினாள்.

“இங்க ஆள் வருமா?”

சித்ரா நகர்ந்து இடம் கொடுத்தாள். “இல்ல. உக்காருங்க.”