மரக்காலைக் காணியும் வினோதாவின் கொப்பியும்

ஹட்டனில், மரம் அறுத்து விற்ற பழைய மரக்காலை இருந்த காணியில் பெரிய கட்டடம் வரப்போகிறது என்ற செய்தி முதலில் வாய்க்கு வாய் மாறித்தான் பரவியது. சூப்பர் மார்க்கெட் என்றார் ஒருவர். ஹோட்டல் என்றார் இன்னொருவர். கொழும்புக்காரர்கள் லீவுக்கு வந்து தங்க மாடி வீடுகள் என்று மீன் கடையில் பேசிக்கொண்டார்கள். இரண்டு வாரம் கழித்துத் திட்ட அலுவலகத்தின் சுவரில் ஓர் அறிவித்தலும் வரைபடமும் ஒட்டினார்கள். எல்லாம் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இருந்தன. அதை நின்று முழுதாக வாசித்த முதல் ஆள் வினோதாவாகத்தான் இருக்க வேண்டும்.

வினோதாவுக்கு நாற்பத்தொரு வயது. அந்தக் காணியை ஒட்டிய பழைய கட்டடமொன்றில், மாடிப்படிக்குக் கீழே போட்டோகொப்பிக் கடை வைத்திருந்தார். இரண்டு பேர் உள்ளே நின்றால் மூன்றாமவர் மழையில் நிற்க வேண்டியதுதான். நான் யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து ஒன்பது வருஷமாக இங்கே படிப்பிக்கிறேன். பரீட்சைத் தாள்களைப் பிரதி எடுக்கப் போகத் தொடங்கித்தான் அவருடன் பழக்கமானேன். பிரதி எடுப்பதைவிட அங்கே படிவம் நிரப்ப வருகிறவர்கள்தான் அதிகம் என்பது போன முதல் நாளே தெரிந்துவிட்டது.

அந்த வேலைக்கு அவர் வந்த கதை தனி. றொசல்லப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடொன்றில், பிறந்தவர் அவர். பிறப்புச் சான்றிதழை எழுதிய பதிவாளர், அவர் பெயரை 'வினோதன்' என்றும், பால் என்ற இடத்தில் ஆண் என்றும் எழுதிவிட்டார். அடையாள அட்டை எடுக்கப் போன பதினாறாவது வயதில்தான் வீட்டுக்கு விஷயமே தெரிந்தது. எதிரே ஒரு பெண் பிள்ளை நிற்கும்போதே, "இதில் ஆண் என்றுதானே இருக்கிறது" என்று கவுண்டரில் திருப்பி அனுப்பினார்களாம். அதைத் திருத்த இரண்டு வருஷம் ஆயிற்று. பிறகு கொழும்பில் ஒரு துணிக்கடையில் ஆறு வருஷம் வேலை செய்தபோது, சிங்களம் பேசினால் மட்டும் போதாது என்று பிடிவாதமாக எழுதவும் வாசிக்கவும் படித்துக்கொண்டார். ஹட்டனுக்குத் திரும்பி, பாவித்த இயந்திரம் ஒன்றை வாங்கிக் கடை போட்டார். கணவர் பிரிந்து போய்விட்டார். மகள் தனுஷிகா பள்ளியில் உயர்தர வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள்.

அறிவித்தலை வாசித்த அன்று மாலை என்னிடம் சொன்னார்: "டீச்சர், முப்பது நாள் குடுத்திருக்காங்க. ஆட்சேபனையோ ஆதரவோ எழுதிக் குடுக்கலாமாம். நம்ம ஆளுக எதை வாசிச்சு எழுதுறது?"

அந்த வரைபடத்தில் அவருடைய கடை இருந்த கட்டடத்தின் மேலும் சிவப்புக் கோடு போட்டிருந்தது. அதையும் இடிக்கப்போகிறார்கள். அதைப் பற்றி அன்றைக்கு அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் மறுநாள் போய்ப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

"நீங்கள் தனிய இதைச் செய்ய ஏலாது. ஞாயிற்றுக்கிழமை நானும் வாறன்" என்றேன்.

ஞாயிறு முழுவதும் இருவரும் உட்கார்ந்தோம். வரைபடத்தைப் பெரிதாகப் பிரதி எடுத்து, ஒவ்வோர் அறைக்கும் மேல் தமிழில் எழுதினோம். ஆங்கிலத் தலைப்புக்கு நான் 'கலப்புப் பயன்பாட்டு நகர அபிவிருத்தி' என்று அழகாக எழுதிக் கொடுத்தேன். அதற்குக் கீழே வினோதா தன் கையால் ஒரு வரி சேர்த்தார்: 'கீழே கடையும் பஸ் தரிப்பிடமும், நடுவில் ஆபீஸ், மேலே வீடு.' கடை வாசலில் ஒட்டியபோது எல்லோரும் வாசித்தது அந்த வரியைத்தான்.

பக்கத்தில் ஒரு கொப்பியைக் கட்டித் தொங்கவிட்டார். எழுதத் தெரிந்தவர்கள் எழுதினார்கள். மற்றவர்கள் சொல்ல, அவர் எழுதினார். சொன்னதைச் சொன்னபடி எழுதி, திரும்ப வாசித்துக் காட்டி, கையெழுத்தோ கைநாட்டோ வாங்கினார். முச்சக்கர வண்டி ஓட்டும் நிரஞ்சனுக்குப் பெரிய சந்தோஷம்: 'பஸ் கூரைக்குக் கீழ நிக்கும்னா பாதிச் சனம் நனையாது. கட்டுங்க.' கினிகத்தேனையிலிருந்து மரக்கறி கொண்டுவரும் சிங்கள அம்மா ஒருவர், நடைபாதை வியாபாரிகளுக்கு உள்ளே இடம் உண்டா என்று கேட்டு எழுதச் சொன்னார். ஓர் இளம் தாய், பிள்ளைக்குப் பால் கொடுக்க ஓர் அறை வேண்டும் என்றார். தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவர் நெடுநேரம் வரைபடத்தையே பார்த்துவிட்டு, "மேல இருக்குற வீட்டுக்குத் தனித்தனி விலாசம் இருக்குமாம்மா? எங்க காயிதமெல்லாம் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வருது" என்றார். அதையும் வினோதா அப்படியே எழுதினார்.

மூன்றாவது வாரம் லெட்சுமி அக்கா வந்தார். லோர்ன்டன் தோட்டத்தில் முப்பது வருஷமாகக் கொழுந்து பறிப்பவர். எழுத்துத் தெரியாது. வரைபடத்தில் விரலை வைத்து, "இது ரோட்டா? இது கோயிலா?" என்று கேட்டுக்கேட்டு வந்தவர் ஓர் இடத்தில் நிறுத்தினார்.

"ஏம்புள்ள வினோதா, நம்ம படிக்கட்டு எங்க?"

வினோதா குனிந்து பார்த்தார். தோட்டத்திலிருந்து மரக்காலைக்குப் பக்கமாக டவுனுக்கு இறங்கும் படிக்கட்டு அது. பள்ளிப் பிள்ளைகளும் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களும் தினமும் அதில்தான் வருகிறார்கள். அதை விட்டால் ரோட்டைச் சுற்றி முக்கால் மணி நேரம் நடக்க வேண்டும். வரைபடத்தில் அந்த இடத்தில் வாகனத் தரிப்பிடம் இருந்தது.

"அக்கா, நான் மூணு வாரமா இதையே பாத்துக்கிட்டு இருக்கேன். எனக்குத் தெரியலையே" என்றார் வினோதா. குரலில் வெட்கம் இருந்தது.

"நீ ரோட்டு வழியா வாரவ. எங்காலுக்குத்தான தெரியும்" என்றார் லெட்சுமி அக்கா.

அடுத்த இரண்டு நாள் காலையில் வினோதா கடையைப் பூட்டிவிட்டு அந்தப் படிக்கட்டின் அடியில் நின்றார். இறங்கி வந்தவர்களிடம் எங்கே போகிறார்கள் என்று கேட்டு எழுதினார். முதல் நாள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். இரண்டாம் நாள் மழை. அப்படியும் நூற்றெண்பதுக்கு மேல்.

இதற்கிடையில், இடிபடும் இடத்தில் கடை வைத்திருந்த வர்த்தகர்கள் சிலர் புதுக் கட்டடத்தை எதிர்த்து ஒன்றுசேர்ந்திருந்தார்கள். அவர்களுடைய செயலாளர், இரும்புக்கடை ஆண்டியப்பன், ஒரு நாள் கடைக்கு வந்து கொப்பியைப் புரட்டினார்.

"வினோதாம்மா, நல்ல வேலை செஞ்சிருக்கீங்க. ஆனா இந்தக் கட்டுங்க கட்டுங்கன்னு எழுதுனதையெல்லாம் எடுத்துருங்க. எதிர்ப்ப மட்டும் குடுப்போம். ஒங்க கடையும்தான போகுது?"

"போகுதுதான் அண்ணே. ராத்திரி படுத்தா அதே நெனப்புதான். ஆனா அவங்க என்னைய நம்பிச் சொன்னது. ஒரு பக்கத்தக் கிழிச்சா மத்தப் பக்கத்த யாரு நம்புவா?"

"அப்ப நீங்க யாரு பக்கம்?"

"நான் எழுதுற பக்கம் அண்ணே. நீங்களும் சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

ஆண்டியப்பன் கோபமாகத்தான் போனார். அதன் பிறகு கடைக்காரர்களில் பலர் பிரதி எடுக்க வேறு இடத்துக்குப் போனார்கள். ஆனால் ஒரு வாரத்தில் அவரே மறுபடி வந்து, முப்பது வருஷமாக அதே இடத்தில் கடை வைத்திருப்பவர்களுக்குக் கீழ்த்தளத்தில் முதலில் இடம் கொடுக்க வேண்டும் என்று ஒரு பக்கம் நிறையச் சொன்னார். வினோதா ஒரு சொல் விடாமல் எழுதினார்.

முப்பது நாள் முடிந்ததும், மக்களின் கருத்தைக் கேட்கத் திட்ட அலுவலகம் வைத்த கூட்டம் ஒரு சனிக்கிழமை காலை நடந்தது. மண்டபம் நிறைந்து வெளியிலும் ஆட்கள் நின்றார்கள். மேடையில் திட்டப் பணிப்பாளரும் இரண்டு பொறியியலாளர்களும் இருந்தார்கள். முதல் அரை மணி நேரம் கூச்சல்தான். வேண்டும் என்பவர்களும் வேண்டாம் என்பவர்களும் ஒருவரை ஒருவர் பேசவிடவில்லை. பணிப்பாளர் எழுந்து போய்விடுவார் போலிருந்தது. அப்போது வினோதா கொப்பியோடு எழுந்தார். அவர் பேசிப் பழகியவர் அல்ல. ஒவ்வொரு கருத்தையும் முதலில் தமிழில் வாசித்தார், பிறகு சிங்களத்தில் சொன்னார். தங்கள் பெயர் வந்ததும் ஒவ்வொருவரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். சபை மெல்ல அடங்கியது. நூற்று நாற்பத்து மூன்று கருத்துகள். நடுவில் தண்ணீர் கொடுத்தோம். படிக்கட்டைப் பற்றி வாசித்து, இரண்டு நாள் எடுத்த எண்ணிக்கையையும் சொன்னபோது ஒரு பொறியியலாளர் வரைபடத்தை மேசையில் விரித்து எதையோ குறித்துக்கொண்டார்.

முடிந்ததும் பணிப்பாளர் சிங்களத்தில் கேட்டார்: "நோனா, இவ்வளவு பேருடைய கருத்தைச் சொன்னீர்கள். உங்களுடைய கருத்து?"

வினோதா கொப்பியை மூடினார். பிறகு தமிழில் சொன்னார், சிங்களத்திலும் சொன்னார்: "என் கடை போகும். அது எனக்குக் கஷ்டந்தான். ஆனா ஹட்டனுக்கு இப்படி ஒண்ணு வேணுங்க. கட்டுறதுன்னா எங்களுக்கும் சேத்துக் கட்டுங்க. மேல வீடு வருதுன்னா, லயத்துல இருக்குறவங்களும் விண்ணப்பம் போடுறதுக்கு ஒரு வழி வைங்க. தமிழ்லயும் படிவம் குடுங்க. நெரப்பத் தெரியாதவங்கள என்கிட்ட அனுப்புங்க."

முதலில் கைதட்டியது லெட்சுமி அக்கா. பிறகு யார் தட்டவில்லை என்று சொல்வதற்கில்லை.

நான்கு மாதம் கழித்துத் திருத்திய வரைபடம் வந்தது, மூன்று மொழியிலும். படிக்கட்டு இருந்தது. கட்டடத்தின் ஓரமாகக் கைப்பிடியும் கூரையும் வைத்து அகலப்படுத்தியிருந்தார்கள். பால் கொடுக்கும் அறையும் இருந்தது. பழைய கடைக்காரர்களுக்குக் கீழ்த்தளத்தில் பாதி இடம் என்று ஒத்துக்கொண்டார்கள். ஆண்டியப்பனுக்கு அது போதவில்லை, இன்னும் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார். அந்தக் கடிதங்களைப் பிரதி எடுப்பது வினோதாதான். நடைபாதை வியாபாரிகளைப் பற்றி ஒரு வரியும் இல்லை. லயத்து மக்கள் வீட்டுக்கு விண்ணப்பிப்பது பற்றி 'பரிசீலிக்கப்படும்' என்று மட்டும் எழுதியிருந்தது.

பழைய கட்டடத்தை இடித்த அன்று நான் லீவு போட்டுவிட்டுப் போனேன். இயந்திரத்தை நிரஞ்சனின் வண்டியில் ஏற்றி, பின் தெருவில் ஒரு தையல் கடையின் பாதியைப் பிடித்திருந்தார் வினோதா. இயந்திரத்தை இறக்கி வைத்து, தண்ணீர் குடித்து, ஸ்டூலில் உட்காருவதற்குள் வாசலில் நான்கு பேர் படிவத்தோடு நின்றார்கள்.

இப்போது மூன்றாம் மாடி எழும்புகிறது. அந்த 'பரிசீலிக்கப்படும்' என்ன ஆயிற்று என்று கேட்டு வினோதா இதுவரை நான்கு தடவை திட்ட அலுவலகத்துக்குப் போய்விட்டார். நான்காம் தடவை அவரை உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார்களாம், பதில் கொடுக்கவில்லையாம். வருகிற வியாழக்கிழமை மறுபடி போகிறார். இந்த முறை லெட்சுமி அக்காவும் வேலைக்கு லீவு சொல்லிவிட்டுக் கூடப் போவதாகக் கேள்வி.