வெள்ளிக்கிழமை மீன்கள்

அக்கராயனில் எங்களுக்குக் காணி கிடைத்து, யாழ்ப்பாணத்திலிருந்து லொறியில் சாமான்களோடு வந்திறங்கிய இரண்டாம் மாரியில் எனக்குக் காய்ச்சல் வந்தது. முதலில் முழங்கால் வீங்கியது, பிறகு நோய் நெஞ்சுக்குப் போய்விட்டது. கிளிநொச்சி ஆஸ்பத்திரி டொக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு அப்பாவிடம், "பிள்ளையைக் கட்டிலை விட்டு இறக்காதேங்கோ. ஓடித் திரிஞ்சால் இருதயம் பழுதாப் போயிடும். நான் சொல்லுமட்டும் படுத்திருக்கவேணும்" என்றார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. என்னைப் படுக்க வைப்பதைவிட ஆட்டுக்குட்டியைப் படுக்க வைப்பது லேசு. அம்மா குசினிக்குள் போன கையோடு இறங்கிவிடுவேன். வாய்க்கால் வரை போய்ப் பிடிபட்டதும் உண்டு. அம்மா அடிக்கவும் மனமில்லாமல், விடவும் பயந்து அழுதார். நோய் எனக்கு, அழுகை இவருக்கா என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது.

அப்பா அழவில்லை. ஒருநாள் சதுர மண்ணெண்ணெய்த் தகரம் ஒன்றைக் கொண்டுவந்து என் கட்டிலுக்கு முன்னால் குந்தினார்.

"உனக்கு வாய்க்கால்தானே வேணும்? நான் அதை இஞ்ச கொண்டு வாறன். நீ இறங்கினியெண்டால் வேலையை நிப்பாட்டிப்போடுவன்."

தகரத்தைப் படுக்க வைத்து மேல்பக்கத்தை வெட்டி எடுத்தார். முன்பக்கத்தில் சன்னல் மாதிரி வெட்டி, லொறியில் வந்தபோது உடைந்த அலுமாரிக் கண்ணாடியில் மிஞ்சிய துண்டைப் பொருத்தினார். கண்டி வீதிக்குப் போட்டு மிஞ்சிய தாரை உருக்கி உள்ளே முழுக்கப் பூசினார். அது காய்ந்த பிறகு, மணம் போகும்வரை தண்ணீர் ஊற்றுவதும் கவிழ்ப்பதுமாக இருந்தார். அவர் இழுத்தடிக்கிறார் என்று எனக்கு ஆத்திரம். இழுத்தடிக்கத்தான் செய்தார், அத்தனை நாளும் நான் படுத்திருந்தேனே!

அடியில் வயல் களிமண், அதன்மேல் கழுவிய வாய்க்கால் மணல். குளத்திலிருந்து வேலம்பாசி வந்தது. குளத்துச் சேற்றில் கிண்டி அம்மா அவிக்க வைத்திருந்த கொட்டிக்கிழங்கில் நாலைந்தைக் களவாக எடுத்து அப்பா மணலில் புதைத்தார். மண் கலங்காமல் இருக்கப் பூவரசம் இலையைப் பரப்பி அதன்மேல் மெல்ல ஊற்றியும் தண்ணீர் கலங்கிக் கிடந்தது. தெளிந்த பிறகும் மீன் வரவில்லை.

"வேர் பிடிக்கட்டும்" என்றார். "வேர் பிடிக்கிறதும் படுத்திருக்கிறதும் ஒரே வேலைதான்."

கொட்டி இலை நீண்டு மேலே வந்து மிதந்தது. காலை வெயில் சன்னலால் விழுந்தால் பாசியில் குட்டிக் குட்டிக் குமிழிகள் ஏறும். அதற்குப் பிறகுதான் விரலளவு கெண்டைக் குஞ்சுகள் வந்தன. நான் ஒவ்வொன்றுக்கும் பட்டப்பெயர் வைத்து, கட்டிலில் கிடந்தபடியே அவற்றை அதிகாரம் பண்ணினேன்.

அம்மாவுக்கோ வேறு கவலை. வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் மீன் என்ற பேச்சே கிடையாது. விடியவே வீடு கழுவி, தலை முழுகி, விளக்கேற்றுவார்.

"வெள்ளிக்கிழமை வீட்டுக்குள்ள மீனோ?"

"இஞ்சேர், நான் என்ன கறிக்கோ வைச்சிருக்கிறன்?" என்றார் அப்பா.

"மீன் மீன்தானப்பா."

கடைசியில், வெள்ளிக்கிழமைகளில் மீன்கள் கிணற்றடியில் இருப்பது, சனிக்கிழமை உள்ளே வருவது என்று முடிவானது. எதில் விடுவது? வீட்டில் இருந்த மண்சட்டி மீன்கறிச் சட்டிதான். "உயிரோட இருக்கிறதைக் கறிச்சட்டிக்குள்ள விடுறது பாவம்" என்று அம்மா மறுத்துவிட்டார். விளக்கி எடுத்தால் உலோகத்துக்குத் தீட்டில்லை என்று, சின்னச் செப்புக் கிடாரத்தைப் புளியும் சாம்பலும் போட்டுப் பளபளவென்று தேய்த்து, அதில் மீன்களை விட்டார். மரியாதையாகத்தான் விட்டார். செம்பு மீனுக்கு நஞ்சு என்று அந்த வீட்டில் யாருக்குத் தெரியும்?

அந்த முதல் வெள்ளி மத்தியானமே கிணற்றடியிலிருந்து அம்மாவின் "ஐயோ" கேட்டது. கட்டிலை விட்டுக் குதித்து ஓடினேன். மீன்கள் எல்லாம் வயிறு மேலே தெரிய மிதந்தன. நான் மண்ணில் விழுந்து புரண்டு கத்தினேன். மூச்சு வாங்கி, உதடு நீலம் பாரித்ததாகப் பிறகு அப்பா சொன்னார். வயலிலிருந்து ஓடி வந்து என்னைத் தூக்கிப்போய்க் கட்டிலில் கிடத்தியவர் அவர்தான்.

"இனிப் படுக்கமாட்டன். செத்தாலும் படுக்கமாட்டன்" என்று உதறினேன். நான் எழுந்துவிடாதபடி அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார். அம்மாவைக் காணவில்லை.

திரும்பி வந்தபோது அம்மாவின் சேலை இடுப்புவரை நனைந்து சேறாகியிருந்தது. தலை முழுகி முடிந்த கூந்தல் அவிழ்ந்து, நெற்றித் திருநீறு வியர்வையில் கரைந்திருந்தது. கையில் அந்த மீன்கறிச் சட்டி. என் கண்ணுக்கு முன்னால் அதைத் தகரத்துக்குள் மெல்லச் சரித்தார். சேலைத் தலைப்பால் வாய்க்காலில் பிடித்த புதுக் குஞ்சுகள் பாசிக்குள் ஓடி ஒளிந்தன. குசினியில் சாமி விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

"இண்டைக்கு வெள்ளிக்கிழமை" என்றேன்.

"சாமியோட நான் கதைச்சுக்கொள்ளுறன். நீ படு பிள்ளை."

படுத்தேன். அதன் பிறகு எந்த வெள்ளியும் மீன்கள் வெளியே போகவில்லை. விளக்கேற்றி எனக்குத் திருநீறு பூசிவிட்டு, விரலில் மிஞ்சியதைத் தகரத்தின் ஓரத்திலும் தடவிவிட்டுப் போவார் அம்மா.

மாரி முடிந்து வெயில் ஏறத் தொடங்கிய ஒரு நாளில் டொக்டர் குழாயை எடுத்து மடித்துக்கொண்டு, "இனி நடக்கலாம்" என்றார். அப்பா செய்த வாய்க்காலுக்கு நான் பட்ட நன்றி கொஞ்சமல்ல. ஆனால் வீட்டுக்கு வந்து என் காலால் முதலில் நடந்துபோனது தகரத்தடிக்கல்ல, குசினிக்கு. அம்மா அடுப்புப் புகைக்குள்ளிருந்து திரும்பிப் பார்த்தார். கையிலிருந்த அகப்பையை வைத்துவிட்டு, என் நெஞ்சில் காதை வைத்து நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.