மண்டி பாய் சொன்ன கோள்

என்னைப் பற்றி இதுவரை சொல்லப்பட்ட கோள்களில் ஆகச் சிறந்தது, எனக்கு ஒன்பது வயதானபோது சொல்லப்பட்டது. சொன்னவர், கள்ளக்குறிச்சியில் எங்கள் தெரு முனையில் அரிசி மண்டி வைத்திருந்த பாய்.

ஆதிகாரணம் என் சித்தப்பா. வேளாண்மை அலுவலகத்தில் அவருக்கு வேலை. ஒருநாள், மூடியில் துளை போட்ட டப்பா ஒன்றோடு வந்தார். உள்ளே மெக்சிகோ நாட்டு வண்டுகள், பார்த்தீனியத்தைத் தின்று தீர்ப்பதற்காக வந்தவை. அந்தச் செடி அப்போது ஊரில் காலியாகக் கிடந்த இடமெல்லாம் வெள்ளைப் பூவோடு நின்றது. தொட்டால் அரிப்பு, பக்கத்தில் போனால் தும்மல். ஆடுகூட வேண்டாமென்று ஒதுங்கிய அதை இந்த வண்டு தின்னும், அதை மட்டுமே தின்னும், கிடைக்காவிட்டால் பட்டினி கிடந்து சாகுமே தவிர வேறெதிலும் வாய் வைக்காது என்றார் சித்தப்பா. கத்தரிக்காய்ப் பொரியலைக் கண்டு முகம் சுளித்து அடி வாங்கிக்கொண்டிருந்த எனக்கு இந்தக் கொள்கைப் பிடிப்பு ரொம்பப் பிடித்துப்போனது. "தொடாத. கவர்மெண்ட் சொத்து. ஒண்ணு கொறஞ்சாலும் எனக்கு வேலை பூடும்" என்று அவர் விளையாட்டாகச் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். நான் ஆறு வண்டுகளைத் திருடித் தீப்பெட்டியில் போட்டுக்கொண்டேன்.

திருடுவது எளிது. சோறு போடுவதுதான் கஷ்டம். கொழுந்துப் பார்த்தீனியம் இருந்த இடம் மண்டியின் பின்புறச் சாக்கடைக் கரை. மழைக்காலம், தண்ணீர் கெண்டைக்கால் வரை நின்றது. பள்ளிக்கூடம் விட்டதும் அதில் வெறுங்காலோடு இறங்கி இலை பறிப்பேன். செடி பட்டு அரிக்கும். காலைச் சொறிந்து ரணமாக்கிக்கொண்டு மறுநாளும் இறங்குவேன். மண்டி எலிகள் என்னைக் கண்டு ஓடுவதில்லை. பெரிய மனிதர்கள் போலக் கொஞ்சம் ஒதுங்கி நடக்கும், அவ்வளவுதான். பாய் பின்கதவில் நின்று, "இன்னா பாப்பா, மீனா புடிச்சிக்கினு இருக்க? ஏறு மேல!" என்று தினமும் சத்தம் போடுவார். ஏறுவேன். அவர் தலை மறைந்ததும் இறங்குவேன்.

பத்தே நாளில் காய்ச்சல். கண் சிவந்து, பிறகு மஞ்சளானது. காமாலை என்று குடும்பமே ஒருமனதாக முடிவெடுத்தது. கச்சிராயபாளையத்தில் அத்தை வீட்டுக் கொல்லையில் கீழாநெல்லி மண்டிக் கிடக்கிறதென்று பஸ் ஏற்றிக் கொண்டுபோனார்கள். மறுநாள் பஸ் நின்றுவிட்டது. இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருஷம் அது. சாலையின் குறுக்கே, போராட்டக்காரர்கள் வெட்டிச் சாய்த்த புளியமரங்கள் படுத்திருந்தன.

அத்தை வீட்டில் பார்த்தீனியம் கிடையாது. வண்டுகளுக்கும் கீழாநெல்லியே கொடுத்துப் பார்த்தேன். நான் குடித்தேன், அவை தொடவில்லை.

கெண்டைச் சதையில் போர்வை பட்டாலே அலறினேன். அங்கிருந்த டாக்டர் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அழுக்குத் தண்ணீரில் நின்றாயா என்று கேட்டார். இல்லை என்றேன். மறுபடி கேட்டார். சித்தப்பாவின் வேலையை நினைத்துக்கொண்டு, அம்மா தலையில் கை வைத்துச் சத்தியமே செய்தேன். "எம்பொண்ணு வூட்ட வுட்டு எறங்க மாட்டா சார்" என்று அந்தத் தலையும் சாட்சி சொன்னது. அடுத்த நாள் எனக்குச் சிறுநீர் நின்றுபோனது. நாளைக்குள் வராவிட்டால் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றார் டாக்டர். அப்பா சாலையைப் பார்த்தார். அதில் மரங்கள்தான் இருந்தன.

மறுநாள் காலை, டாக்டர் வீட்டு வாசல் பெஞ்சில் அப்பா மடியில் படுத்திருந்தேன். பக்கத்தில் இருமலோடு இரண்டு மளிகைக் கடைக்காரர்கள்; பாய் மண்டியில்தான் அரிசி மூட்டை வாங்குகிறவர்கள். அப்போது பாயே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார், லுங்கியெல்லாம் சேறாக. "ஒவ்வொரு மரத்தாண்டயும் பசங்க நின்னானுங்க. கொழந்த உசுரு சமாச்சாரம்னேன். சைக்கிளோட என்னையும் சேத்துத் தூக்கி அந்தாண்ட வுட்டானுங்க" என்று மூச்சு வாங்கினார்.

பிறகு, பெஞ்சில் எல்லோருக்கும் கேட்கும்படியாக, "வாத்தியாரே, எங்க லோடுமேனுக்கும் இதே காய்ச்சல். எலி மூத்திரம் கலந்த தண்ணியாலன்னு நம்மூரு டாக்டர் சொல்ட்டாரு. ஒங்க பொண்ணு பத்து நாளா எம் மண்டிப் பின்னால சாக்கடைல நின்னுச்சி. நானே பாத்தன்" என்றார்.

அப்பா அந்தக் கடைக்காரர்களைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "பாய், உள்ள வந்து சொல்லுங்க."

"உள்ள வந்து சொன்னா எலி கம்மியாப் பூடுமா? எம் மண்டி எலிதான் வாத்தியாரே. ஜாஸ்தியா இருக்குது."

டாக்டரே வெளியே வந்துவிட்டார். எலிக்காய்ச்சல் என்று அப்போதே பென்சிலின் ஊசியும் குளுக்கோஸும் தொடங்கின. இரண்டாம் நாள் நான் ஒன்றுக்குப் போனதை அத்தை வீட்டில் தீபாவளி போலக் கொண்டாடினார்கள். என் வாழ்க்கையில் இத்தனை பாராட்டு வாங்கிய சாதனை வேறில்லை.

பாய் ஒரு பொட்டலம் பொறை ரொட்டி வாங்கி வந்து நீட்டினார். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, "நீங்க கோள் சொல்லிட்டீங்க" என்றேன். "ஆமாம்மா, கோள்தான் சொன்னன்" என்று சிரித்தார். தலையணைக்கடியில் தீப்பெட்டி அகப்பட்டது. ஆறு வண்டுகளும் கொள்கை மாறாமல் செத்திருந்தன. சித்தப்பாவின் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை.

இப்போதும் வருஷத்துக்கொருமுறை ரத்தம் சோதித்து, கிட்னி நன்றாக இருக்கிறது என்று தாள் வரும்போது, நான் மனசுக்குள் நன்றி சொல்வது அந்தச் சேறு படிந்த லுங்கிக்குத்தான். பொறையை அன்றே வாங்கியிருக்கலாம்.

மரங்களை அகற்றி பஸ் ஓடத் தொடங்கியதும் நாங்கள் ஊர் திரும்பினோம். மண்டி வாசலில் எப்போதும் வரிசையாக நிற்கிற மாட்டு வண்டிகளைக் காணோம். உள்ளே மூட்டைகள் கூரை வரை அப்படியே இருந்தன. பாய் பக்கத்துச் சந்தில் தனியாகக் குனிந்து, சாக்கடைக் கரைப் பார்த்தீனியத்தை வேரோடு பிடுங்கிக்கொண்டிருந்தார். கையெல்லாம் தடித்திருந்தது. அம்மா தெருவிலேயே நின்று அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள், கண் கலங்கியிருந்தாள். ஏனென்று எனக்குப் புரியவில்லை. எங்கள் வகுப்பில் கோள் சொன்ன பெண்ணோடு ஒரு வாரம் யாரும் பேச மாட்டோம். ஊரும் அவரை அதற்காகத்தான் ஒதுக்கி வைத்திருக்கிறது என்று நினைத்து, உலகத்தில் நியாயம் இருக்கிறது என்ற நிம்மதியோடு வீட்டுக்குப் போனேன்.