குதிரைப்படைத் தலைவரின் கதையில் நான் சேர்த்த வரி

மலைமேல் வாழவந்தி நாட்டுப் பள்ளியில் வரலாற்று ஆசிரியராக இருந்தபோது முப்பத்திரண்டு பக்கத்தில் ஒரு சிறு புத்தகம் எழுதினேன். முப்பத்தொரு பக்கம் உண்மை, அல்லது உண்மை என்று நான் நம்பியது. கடைசிப் பக்கத்தில் ஒரு வரி பொய். பொய் என்று தெரிந்தேதான் எழுதினேன்.

புத்தகம் ஒரு குதிரைப்படைத் தலைவரைப் பற்றியது. கம்பெனி ஆட்கள் சமவெளியில் ஒரு பாளையத்தை வீழ்த்தியபோது, அங்கே குதிரை பழக்கிக்கொண்டிருந்தவர் அவர். படை கலைந்தது. இவர் சிதறிய குதிரைக்காரர்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். பொதிக்குதிரை ஓட்டுபவர்களும் உழவர்களும் அவர்களோடு வந்தார்கள். சம்பளமும் இல்லை, சீருடையும் இல்லை. பீரங்கிக்கு முன்னால் ஒருநாளும் நிற்கக்கூடாது என்பதுதான் அவர் போட்ட முதல் சட்டம். படையைத் தொடமாட்டார்கள், படைக்குப் போகும் தானிய வண்டிகளையும் வைக்கோல் போர்களையும் அடிப்பார்கள். அடித்த கையோடு இரண்டு மூன்று பேராகப் பிரிந்து, வெவ்வேறு வழியில் மலையடிவாரத்துப் புளியஞ்சோலைக்கு வந்து கூடுவார்கள். குளம்புகளில் சாக்குத்துணி கட்டி, குதிரைகளைக் கையில் பிடித்தே மலையேற்றுவார்கள். துரத்தி வருபவர்களுக்கு ஓடைக்கரையோடு தடம் முடிந்துவிடும். மூன்று ஆண்டுகள் இப்படியே நடந்தது. கடைசியில் ஒரு விடியற்காலையில் கம்பெனி ஆட்கள் அவரைப் பாறை இடுக்கில் வளைத்துச் சுட்டார்கள்.

எப்படி வளைத்தார்கள்? வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மேலிடத்துக்கு எழுதிய கடிதத்தில், மலைக்காரன் ஒருவன் வழிகாட்டியதாக இருந்தது. பேரும் இல்லை, வீடும் இல்லை. எனக்கு அது போதவில்லை. வீரன் இருந்தால் துரோகியும் வேண்டும் என்று நினைத்தேன்.

அவர்கள் குதிரைகளை ஏற்றிய பாதை மலையுச்சியைத் தொடும் இடத்தில் அவருக்கு ஒரு நடுகல் இருக்கிறது. ஆடித் திருவிழாவில் ஒரு வீட்டார் மட்டும் ஊறவைத்த கொள்ளு ஒரு கூடை கொண்டுவந்து அதன் முன்னால் வைப்பார்கள். அவர்கள் வைத்த பிறகுதான் மற்றவர்கள் பொங்கலுக்கு அடுப்பு மூட்டுவார்கள். அப்போது கூடை சுமந்தவர், எங்கள் பள்ளியில் சத்துணவு சமைத்த அம்மாவின் அண்ணன்.

அச்சுக்குப் போகும் முன் அந்த அம்மாவிடம் கேட்டேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னார்.

"எங்க முன்னோருங்க மிச்சக் குதிரைங்கள ஊட்டுக்குப் பின்னால ஒளிச்சு வெச்சாங்களாங்க சார். 'திரும்பி வாரோம், கொள்ளு ஊறப்போட்டு வைங்க'ன்னு சொல்லிட்டுக் கீழ போன தலைவரு வரவேயில்ல. அதான் வெக்கிறோமுங்க."

"ஆதாரம் ஏதாவது இருக்கா அம்மா?"

அவர் சிரித்துவிட்டார். "ஏனுங்க சார், குதிரை தின்ன கொள்ளுக்கு ரசீதா வாங்கி வெப்பாங்க?"

நானும் சிரித்தேன். அன்று மாலையே கடைசிப் பக்கத்தில் எழுதினேன்: 'காட்டிக்கொடுத்த பாவத்துக்குப் பரிகாரமாகவே அவ்வீட்டார் இன்றும் கொள்ளு படைக்கின்றனர்.' எழுதி முடித்ததும் நல்ல முடிவு அமைந்துவிட்டது என்று மகிழ்ந்ததுகூட நினைவிருக்கிறது. அதையும் சொல்லாமல் விட்டால் இது ஒப்புதல் ஆகாது.

அடுத்த ஆடியில் மாலை போட்டு என்னை நடுகல்லுக்கு அழைத்துப் போனார்கள். அண்ணன் கூடையோடு வந்தார். அவருக்கு மச்சான் முறையாகிற ஒருவர் வழியை மறித்தார்.

"ஏன் மச்சான், காட்டிக் கொடுத்த ஊட்டுக் கொள்ளு எந்தக் குதிரை மச்சான் திங்கும்?"

கூட்டம் சிரித்தது. அண்ணன் என்னைப் பார்த்தார். "வாத்தியாருங்கோ, தங்கச்சி உங்ககிட்டச் சொல்லுச்சில்லீங்களா? நீங்களே சொல்லுங்க."

அத்தனை முகங்களும் என் பக்கம் திரும்பின. கழுத்தில் மாலை இருந்தது. "ஆதாரம் அப்படித்தான் சொல்லுது" என்றேன்.

அண்ணன் கூடையைத் தூக்கிக்கொண்டு திரும்பி நடந்தார். போகும் வழியில் யாரோ கட்டியிருந்த எருதின் முன்னால் கூடைக் கொள்ளு முழுவதையும் கொட்டியதைப் பார்த்தேன். அந்த ஆண்டிலிருந்து முதல் மரியாதை வேறு வீட்டுக்குப் போயிற்று. பேச்சுப்போட்டியில் பிள்ளைகள் என் வரியை மனப்பாடமாக ஒப்பித்தார்கள்; நானே பரிசு கொடுத்தேன். அந்த அம்மா வேலையை விட்டு நின்றார். அண்ணன் அதன்பிறகு ஒரு கூடைகூட வைக்காமலே இறந்துபோனார். சாவுக்கு நான் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லியனுப்பினேன். காய்ச்சல் இல்லை.

ஓய்வுபெற்றும் மலையிலேயே தங்கிவிட்டேன். இந்த ஆண்டு நடுகல்லுக்கு மண்டபம் கட்டுகிறார்கள். என் கடைசிப் பக்கத்தைக் கல்லில் வெட்டிப் பதிக்கப்போவதாகச் சொல்ல வந்தார்கள். தாளில் இருந்தவரை எப்படியோ தூங்கிவிட்டேன். கல் என்றதும் முடியவில்லை. மறுநாள் அந்த அம்மாவின் வீட்டுக்குப் போனேன். வாசலில் மிளகு காயவைத்துக்கொண்டிருந்தார். வயது அவருக்கும் ஆகியிருந்தது. நடந்ததை எல்லாம் சொல்லி, மன்னிக்க வேண்டும் என்றேன்.

"எங்கிட்ட எதுக்குங்க சொல்றீங்க? எனக்குத் தெரியாததா?" என்றார். மிளகைக் கையால் பரப்பியபடியே தொடர்ந்தார். "ஊருக்கு முன்னால எழுதுனீங்க. ஊருக்கு முன்னாலயே சொல்லுங்க. அப்புறம் புத்தகத்துலயும் எழுதுங்க. ஆனா எங்க பேரு வேண்டாமுங்க. ஒருக்கா எழுதி நாங்க பட்டது போதும்."

ஆடித் திருவிழாவில் நடுகல் முன்னால் நின்று சொன்னேன். அந்த வீட்டாருக்கு எதிராக ஆதாரம் எதுவுமில்லை, அந்த வரியை நான்தான் இட்டுக்கட்டினேன், தெரிந்தே செய்தேன் என்றேன். அதைக் கல்லில் வெட்ட வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன்.

"வாத்தியாருக்கு வயசாயிடுச்சுப்பா" என்றது ஒரு குரல்.

"அச்சடிச்சது பொய்யாகுமா?" என்றது இன்னொன்று.

அச்சடித்தது பொய்யாகாது என்று அவர்களுக்கு வகுப்பில் சொல்லிக்கொடுத்தவன் நான்.

அன்று மறித்த மச்சானும் கிழவராகி, அடுப்புகளுக்குப் பக்கத்தில் வழியில் உட்கார்ந்திருந்தார். அவர்தான் கைத்தடியை ஊன்றி எழுந்து, வழியிலிருந்து விலகி நின்றார். அவரைப் பார்த்து இன்னும் சிலர் விலகினார்கள். எல்லாரும் அல்ல.

அந்த அம்மா கூடையோடு மேடேறி வந்தார். மூச்சு வாங்கியது. கூடையைத் தாங்கிப் பிடிக்கலாம் என்று நான் கை நீட்டினேன்.

"வேண்டாமுங்க சார்" என்றார் மெதுவாக. "உங்க கை படாம இருக்கட்டும்."

நான் கையை எடுத்துக்கொண்டேன். அவர் தனியாகக் குனிந்து கூடையை வைத்தார்.