சாலையில் கிடந்த மரம்

பிள்ளைகளா, இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் புளியமரங்களை வெட்டிச் சாலையின் குறுக்கே போட்ட காலம் உங்களுக்குத் தெரியாது. பிறகு அந்த மரங்களை ஏலத்தில் எடுத்து, கள்ளக்குறிச்சியில் நான் வேலை பார்த்த பட்டறையில் ரேக் செய்தோம்.

ஒருநாள் மாதா கோயில் பணியாளர் ஒருவர் வந்தார். ஒல்லியான, நரைத்த மனிதர். பூசைக்கான திராட்சை ரசத்தைத் தன் வீட்டு நிலவறையில் பாதுகாப்பவர். பாட்டில்களைப் படுக்க வைக்க ரேக் வேண்டும் என்றார். அங்கிருந்த ஒவ்வொரு ரேக்கையும் முகர்ந்து பார்த்தார்.

“இன்னாங்க, சாப்புடற சாமானா இது?” என்றேன்.

“ரசத்துல வாசனை ஏறிடும், தம்பி.”

புளியமர ரேக்கின் அருகில் வந்து நின்றார். “இது எங்க கெடந்த மரம்?”

“கரியாலூர் போற ரோட்டுலங்க.”

“அங்கதான் எம் பொண்ண ஏத்திக்கினு வந்த வண்டி நின்னுபோச்சு. பிரசவ வலி. ஆஸ்பத்திரி வந்து சேரல.”

நான் அவசரமாக இரும்பு ரேக்கைக் காட்டினேன்.

“வேணாம் தம்பி. இதையே குடு. பூசை ரசம் இதும் மேலயே இருக்கட்டும்.”

ஏன் அதையே எடுத்தார் என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை.

அவர் போனபின், ஆளில்லாத பட்டறையில் அந்த மரத்தின் மிச்சத் துண்டு ஒன்றை முகர்ந்து பார்த்தேன். மரவாசனைதான் வந்தது. அடுப்புக்குப் போகவேண்டிய அதை எடுத்துத் தனியே வைத்தேன்.